நூற்றுக்கு முப்பது

1.

இந்தக் கதையை எழுதக் காரணம் நான் எழுதிய ஒரு பொய். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்மேல் கோபப்படுவதைவிட, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மாடியறையில் உட்கார்ந்துகொண்டு, பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பெரிய மேலாண்மைக் கல்லூரிகளில் இடம் கிடைக்குமா என்று கணித்துச் சொல்வது என் தொழில். மதிப்பெண், நுழைவுத் தேர்வு, 'என்னைப் பற்றி' என்றொரு கட்டுரை. மூன்றையும் பார்த்து ஓர் எண் சொல்வேன். ஆம்பூரிலிருந்து வந்த தில்ஷாத்துக்கு நான் சொன்னது நூற்றுக்கு முப்பது. கட்டுரையைக் கொஞ்சம் திருத்தினால் நாற்பத்தைந்து என்றேன். திருத்தியும் கொடுத்தேன்.

2.

கதை தில்ஷாத்துடையது என்றுதான் தொடங்கினேன். "பதினேழு வயதுக் கண்களில் ஆயிரம் கனவுகளோடு" — அடித்துவிட்டேன். அவள் கண்களை நான் சரியாகப் பார்த்ததேயில்லை. மதிப்பெண் பட்டியலைத்தான் பார்த்தேன்.

"தோல் வாடை வீசும் ஆம்பூரில்" — இதையும். அந்த ஊர்க்காரர்கள் யாரும் அப்படித் தொடங்கமாட்டார்கள்.

மூன்றாவது தொடக்கம் இது. தில்ஷாத்தின் அம்மா (வீட்டு உருதுவில் 'அம்மி') நசீமுன்னிசா அன்று ஷூ கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, கம்பெனி வாசலிலிருந்தே வேலூர் பஸ் ஏறினாள். கைப்பையில் மகளின் கட்டுரை இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை முந்தின நாள்தான் மகளை உருதுவில் சொல்லச் சொல்லிக் கேட்டிருந்தாள். கேட்டு முடித்ததும் ஒன்றும் பேசாமல் எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாள். [இங்கே 'அந்த ஏழைத் தாய்' என்று எழுதக் கை போனது. வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.]

வழியில் பள்ளிகொண்டா வரைக்கும் அவளுக்கு ஒரே கேள்விதான். நம்ம பிள்ளை நம்மை இப்படியா பார்க்கிறது?

3.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எங்கம்மி கிழிஞ்ச செருப்போட கம்பெனிக்குப் போறாங்கன்னு இதுல இருக்குது. இத எழுதினது எம் பொண்ணா சார், நீங்களா?"

"நான்தாம்மா."

அவள் நிம்மதியாக மூச்சு விட்டதைப் பார்த்தேன். கோபம் அதற்கப்புறம்தான் வந்தது.

"ஷூ கம்பெனில சூபர்வைசர் நான். கிழிஞ்சத போட்டுக்னு போனா லைன்ல ஒருத்தி மதிப்பாளா?"

"தேர்வு பண்றவங்க மனசு இளகணும்னுதான்."

"அவ இன்னா எழுதியிருந்தா?"

கணினியில் தேடி எடுத்து, தமிழில் சொன்னேன். தில்ஷாத் எழுதியிருந்தது ஒரு காலைப்பொழுதைப் பற்றி. சரக்கு கன்டெய்னரில் ஏறவேண்டிய நாள். குதிகால் தையல் நிற்காது என்று சொல்லி நசீமுன்னிசா அறுநூறு ஜோடியை நிறுத்திவிட்டாள். மேனேஜர் கத்தினார். வாங்குகிற கம்பெனியின் ஆளே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவள் ஒரு ஷூவை எடுத்து, குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தி, தையல் பிரிவதைக் காட்டினாள்.*

* நான் இதை நீக்கியதற்குக் காரணம்: இதில் யாரும் அழவில்லை.

அப்போதுதான் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு அவ ஏழாவது. வீட்டுக்கு வந்து சும்மா சொன்னேன். டிவி பாத்துக்னு இருந்தா. காதுலயே வாங்கலன்னு நெனச்சேன் சார்."

பிறகு, "இத வெச்சா எவ்ளோ?" என்றாள்.

"பழைய முப்பதுதாம்மா."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மகள் அந்தக் கல்லூரிக்குப் போகவேண்டும் என்று தொழுகையில் கேட்காத நாள் அவளுக்கு இல்லை. பதினைந்து குறைகிறது. தன் ரோஷத்துக்காகப் பிள்ளையின் வழியை அடைக்கிறோமோ என்று பயமாக இருந்தது. ஸ்பீக்கரில் வைத்து மகளுக்குப் போன் போட்டாள். உருதுவில் பேசினார்கள். எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன்.

"நேத்து நீங்க ஒண்ணுமே சொல்லலையே அம்மி."

"நீ எழுதினதுன்னு நெனச்சேன்."

அப்புறம், "என்னோடதையே அனுப்பச் சொல்லுங்க" என்றாள் தில்ஷாத்.

மூன்று மணிக்கு அனுப்பினோம். பொத்தானை நசீமுன்னிசாதான் அழுத்தினாள்.

4.

முடிவு ஒன்று: ஜூனில் இடம் கிடைத்துவிடுகிறது. ஜோலார்பேட்டை ஜங்ஷனில் மகளை ரயிலேற்றிவிட்டு நசீமுன்னிசா பிளாட்பாரத்தில் — வேண்டாம். விட்டால் மறுபடியும் அவள் செருப்பைக் கிழித்துவிடுவேன்.

முடிவு இரண்டு: கிடைக்கவில்லை. வாணியம்பாடியில் பி.காம். சேர்ந்து, தில்ஷாத் நன்றாகவே படிக்கிறாள். என் கணிப்புத் தப்பவில்லை என்றாகும். அந்தத் திருப்திக்காக ஒரு பெண்ணை வீட்டிலேயே நிறுத்திவைக்க எனக்கு மனமில்லை.

இதை எழுதும்வரை கல்லூரியிலிருந்து முடிவு வரவில்லை. அன்று நடந்ததில் மிச்சமிருப்பதைத்தான் சொல்லமுடியும். படிக்கட்டில் இரண்டு படி இறங்கியவள் திரும்பினாள்.

"இவங்க அப்பா ரெண்டே வருஷம்னு சொல்லிட்டுத்தான் ரியாத் போனாரு. பன்னெண்டு ஆச்சு. லீவுல வர்றாரு, போய்ட்றாரு." கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "இவ போனா, படிச்சு முடிச்சுட்டு ஆம்பூருக்கே திரும்பி வர்றதுக்கு எவ்ளோ சான்ஸ் சார்?"

அதைக் கணிக்க என்னிடம் ஒரு தாளும் இல்லை. இந்த முறை பொய் சொல்லவும் வரவில்லை.

உங்களுக்குத் தெரிந்தால் ஓர் எண் சொல்லுங்கள். ஆம்பூர் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது. அவள் படியிலேயேதான் நிற்கிறாள்.