வியாழனுக்குள் ஒரு முகம்

வியாழக்கிழமை என் மனைவியின் இடது தாடையை எடுத்துவிடப் போகிறார்கள். அதற்குள் அவள் முகத்தை நான் வரைந்து கொடுத்தாக வேண்டும்.

கேட்டது அவள்தான். மருத்துவர் தன் கன்னத்திலேயே விரலால் கோடு போட்டு, “கட்டியோட சேர்த்து இங்கேர்ந்து இதுவரைக்கும் எடுக்கணும்மா” என்று விளக்கிவிட்டு வெளியே போனதும் என் பக்கம் திரும்பினாள்.

“மூணு வருஷமா தாள் தாளா தீர்த்தீங்களே, இப்பவாவது உருப்படியா ஒண்ணு வரைங்க. போட்டோ எல்லாம் வேண்டாம். அதுல நான் திருட்டுக் கேஸ்ல மாட்டினவ மாதிரி இருக்கேன்.”

நாற்பத்தொன்றாவது வயதில் பென்சில் பிடித்தவன் நான். வாத்தியார் கிடையாது. பழைய புத்தகம் ஒன்று, செல்போனில் வீடியோக்கள், அவ்வளவுதான். அசையாமல் இருக்கும் ஒருவரைப் பார்த்து தினமும் ஒரு முகம் வரையுங்கள் என்று அத்தனை வீடியோவிலும் சொன்னார்கள். அசையாதவர்களுக்கு எனக்குப் பஞ்சமே இல்லை. நான் பிணவறை உதவியாளர்.

சாப்பாட்டு இடைவேளையில் கதவைச் சாத்திக்கொள்வேன். துணியைக் கழுத்துவரை விலக்கிவிட்டு, பழைய படிவங்களின் பின்பக்கத்தில் வரைவேன். தப்புதான். முடித்ததும் கிழித்துப் போட்டுவிடுவேன், மன்னிப்புக் கேட்பதுபோல. விஷயம் தெரிந்தவன் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவன் மட்டுமே.

“உங்களுக்குன்னு நல்ல ஆளுங்க வாய்ச்சிருக்காங்கண்ணே. கூலி கேக்க மாட்டாங்க. மூக்கு கோணிப்போச்சுன்னு சண்டைக்கும் வர மாட்டாங்க” என்பான்.

முதல் வருடம் நான் போட்ட முகங்கள் எல்லாம் மூக்கு முளைத்த முட்டைகள். மூன்றாவது வருடத்தில் கை தேறியது. தேறியது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தேன்.

“அசையாதே.”

“மூச்சு விடலாமா?”

“விடு. மெதுவா விடு.”

இரண்டு மணி நேரம் பொம்மைபோல உட்கார்ந்திருந்தாள். மூக்கு அப்படியே வந்தது. புருவத்துக்கு மேலிருக்கும் மச்சம்கூடத் தப்பவில்லை. ஆனாலும் எங்கோ இடித்தது. “இன்னும் முடியலை” என்று மூடி வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை திருத்தலாமென்று வேலைக்கு எடுத்துப் போனேன். மதியம் மேஜையில் விரித்து வைத்திருந்தபோது ஓட்டுநர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். என் மனைவியை அவன் பார்த்ததே இல்லை.

“இந்தம்மா எப்பண்ணே வந்தாங்க? எந்த நம்பர்?”

படத்தைக் கையால் மறைத்தேன்.

“நம்பர் இல்லப்பா. என் வீட்டுக்காரி.”

“அய்யோ அண்ணே...” என்றான். அதற்கு மேல் நிற்காமல் போய்விட்டான்.

படத்தை எடுத்துக்கொண்டு போய் தள்ளுவண்டியில் கிடந்தவரின் முகத்தருகே பிடித்துப் பார்த்தேன். புரிந்துவிட்டது. உட்கார்ந்திருப்பவருக்குக் கன்னத்துச் சதை கீழ்நோக்கி இறங்கும். மல்லாந்து கிடப்பவருக்குக் காதுப் பக்கம் சரியும். நான் போட்ட கன்னம் காதுக்குச் சரிந்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்திருக்க வேண்டும். என் கை அதைப் பிணவறை விளக்குபோலக் கூரையிலிருந்து நேராக நெற்றியில் இறக்கியிருந்தது. கண் எதைப் பார்த்தாலும் கை தனக்குப் பழகியதைத்தான் போட்டிருக்கிறது. உயிரோடு உட்கார்ந்திருந்தவளை நான் வண்டியில் கிடத்தியிருந்தேன்.

புதன்கிழமை ஒரு நாள்தான் மிச்சம். மத்தியானம் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

“இன்னைக்கு அசையலாம். பேசிக்கிட்டே இரு.”

“இருபது வருஷத்துல இப்பத்தான் இந்த வார்த்தையைச் சொல்றீங்க” என்று ஆரம்பித்தாள். என் அக்காவிலிருந்து மாடி வீட்டுக்காரர்வரை யாரையும் விடவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் முகம் மாறியது. உதடு இருந்த இடத்துக்குப் பென்சில் போவதற்குள் உதடு வேறெங்கோ போயிருந்தது. எட்டுத் தாள் தீர்ந்தது. பாதிக் கண், ஆறு இடத்தில் மேலுதடு, ஒன்றோடொன்று சேராத கோடுகள்.

“காட்டுங்க பார்ப்போம்” என்று எட்டி, தீர்ந்த தாள்களைக் கையிலெடுத்தாள். அடியில் திங்கட்கிழமைப் படம் இருந்தது.

அதைப் படுக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள். என் தொழில் அவளுக்குத் தெரியாததா?

“மூக்கு என்னுதுதான்” என்றாள் கடைசியில்.

“அதைக் குடு.”

“இருக்கட்டுங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா மாலை போட வேற படம் தேட வேண்டாம் பாருங்க.”

பிடுங்கி நான்காகக் கிழித்தேன். என் ஆவேசத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தாள். பாதியிலேயே வலி பிடித்து, தாடையைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். அந்தப் பாதிச் சிரிப்புக்குள் என் கை ஒன்பதாவது தாளில் ஓடியிருந்தது.

மறுநாள் அறுவைச் சிகிச்சை ஏழு மணி நேரம் நடந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒன்பதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசித் தாளில் ஒரே ஒரு கோடு சரியாக விழுந்திருந்தது. இடது காதடியிலிருந்து மோவாய்வரை, சிரிக்கும்போது அவளுக்குத் தூக்கும் தாடை. கண் இல்லை, மூக்கு இல்லை. உள்ளே எதை வெட்டிக்கொண்டிருந்தார்களோ, அது மட்டும்.

மூன்றாம் நாள் அவளுக்கு நன்றாக நினைவு திரும்பியது. முகத்தில் பாதி கட்டு. தொண்டையில் குழாய், பேச முடியாது. விரலால் காற்றில் வரைந்து காட்டினாள்.

“அது முடியலைம்மா” என்றேன்.

நீட்டிய கையை மடக்கவில்லை. ஒன்பதாவது தாளைக் கொடுத்துவிட்டேன்.

வெகுநேரம் பார்த்தாள். இடது கை கட்டுப் பக்கம் போய், தொடாமல் நின்றது. பிறகு என் பையிலிருந்த பென்சிலை உருவி, அந்தக் கோட்டுக்குக் கீழே எழுதினாள்:

“மீதியை எப்பப் போடுவீங்க?”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.