மதுரையிலிருந்து நாலு மணி நேரம்

மதுரையிலிருந்து சிங்கப்பூர் மூவாயிரம் கிலோமீட்டர். பறந்தால் நாலு மணி நேரம். இதை அம்மாவுக்குச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரமாகக் காளீஸ்வரனுக்கு வாய் வலித்தது. முருகம்மாளோ ஊர் விஸ்வநத்தம் முழுக்க, "சாத்தூர்ல பஸ் ஏறி மெட்ராஸ் போற நேரத்துல பாதிகூட இல்லையாம்" என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தாள்.

மகன் வேலை பார்க்கும் ஊரை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. முப்பது வருஷம் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்கு மருந்து செலுத்தி அவனைப் படிக்க வைத்தவள் ஆசைப்பட்டால் மறுக்க முடியுமா? புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்தான். அவள் சேலைகளை அதில் வைத்துவிட்டு, கம்பெனிக்குத் தினமும் சோறு கொண்டுபோன பையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நல்லாத் துவைச்சுட்டேன்லே. கெட்டியான பை."

அவனும் விட்டுவிட்டான்.

விமான நிலையத்தில் சோதனை வரிசையில் நிற்கும்போது தோளில் ஒரு தட்டு விழுந்தது. ஹரிஷ்குமார். சிவகாசியில் பெரிய அச்சாபீஸ் முதலாளியின் மகன். சிங்கப்பூரில் காளீஸ்வரனோடு ஒரே அலுவலகம். 'எங்க வீட்லயும் பட்டாசு ஏஜென்சிதான்' என்று அவனிடம் எப்போதோ அளந்து விட்டிருந்தான் நம் ஆள்.

அந்த நேரம் பார்த்தா மெஷின் கத்த வேண்டும்! அம்மாவின் பையைத் துணித்துண்டால் துடைத்துச் சோதித்த அதிகாரி நிமிர்ந்தார்.

"வெடிமருந்து காட்டுதே. யார் பை இது?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. முருகம்மாள் பதறிப்போய் மகனைப் பார்த்தாள்.

"உங்க கூட வந்தவங்களா?" என்று அதிகாரி அவனைக் கேட்டார்.

"இல்ல சார். எங்க ஊர்க்காரம்மா. தெரிஞ்சவங்க, அவ்வளவுதான்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. காது மடல் எரிந்தது. மாற்றிச் சொல்ல நேரம் இருந்தது. ஹரிஷ்குமார் பக்கத்திலேயே நின்றதால் பாவி வாயைத் திறக்கவில்லை.

முருகம்மாள் அவனிடமிருந்து கண்ணை எடுத்து அதிகாரி பக்கம் திரும்பினாள். பிறகு, "ஆமாய்யா, நான் தனியாத்தான் போறேன். பட்டாசுக் கம்பெனில வேலை பார்த்தவ. தையலுக்குள்ள தூள் இருந்திருக்கும்" என்றாள்.

அதிகாரிக்கு இது புதிதில்லை போலும். பையைக் கொட்டிப் பார்த்து, கம்பெனிப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

விமானத்தில் தாய்க்கும் மகனுக்கும் அடுத்தடுத்த இருக்கை. நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஹரிஷ்குமார். அம்மா பெல்ட் மாட்டத் தெரியாமல் தடுமாறவும் காளீஸ்வரன் குனிந்து மாட்டிவிட்டான்.

"இருக்கட்டும் தம்பி, நீங்க சிரமப்படாதீக" என்றாள்.

பிறந்ததிலிருந்து 'ஏலே' என்றே அவனைக் கூப்பிட்டவள். இதற்கு எல்லோர் முன்னாலும் செருப்பால் அடித்திருக்கலாம்.

ஹரிஷ்குமார் எட்டிப் பார்த்தான். "எறங்குனதும் கூட்டிட்டுப் போக ஆள் வருதாம்மா? இல்லாட்டி நாங்க கொண்டுபோய் விடுறோம்."

"வேண்டாம்யா. எம் மகன் அங்கன வந்து நிப்பான்" என்றாள் முருகம்மாள். "என்னய விட்டுட்டுப் போற பிள்ளை இல்ல அவன்."