நாலு மணிப் பால்

"மூக்குல டியூபோட புள்ளைய அவங்க பாத்தா, குடும்பத்துலயே கோளாறுன்னு எழுந்து போயிடுவாங்க. உள்ள போம்மா, ஒரு மணி நேரந்தான் லா." ரத்தினம்மா பாம் ஷெல்டரின் இரும்புக் கதவைத் திறந்து பிடித்திருந்தார். மகள் திவ்யதர்ஷினியைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

மருமகள் அனுப்ரியா நகரவில்லை. தோளில் ஏழு மாதக் குழந்தை தாரணி. "அத்தை, நாலு மணிக்குப் பால். காத்தோட்டமா, நிமிர்த்தி வச்சுத்தான் குடுக்கணும்."

"ஃபேன் போட்டிருக்கேன்ல?"

குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ளத்தான் சிங்கப்பூர் புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடி வீட்டில் அந்த அறை. இதுவரை குண்டு விழவில்லை. சம்பந்திகள் வந்து விழுவதுண்டு.

தாரணிக்கு மூச்சு, விழுங்கல், செரிமானம் மூன்றிலும் தகராறு. மருத்துவமனையில் நுரையீரலுக்கு, தொண்டைக்கு, வயிற்றுக்கு என்று தனித்தனி டாக்டர். விழுங்கப் பழக்க ஒருவர். பாலின் பதம் பார்க்க ஒருவர். ஐவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டு, ஒரே முடிவு சொல்வார்கள். வீட்டிலும் ஒரு குழு உண்டு: மாமியார், மாமனார் துரைசாமி, கணவன் திலீப். இவர்கள் உட்காரவே வேண்டாம், முடிவு முதலிலேயே தயாராக இருக்கும்.

"ப்ளீஸ் அனு, ஒன் அவர்," என்றான் திலீப், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கதவு சாத்தப்பட்டது. உள்ளே அரிசி மூட்டை, பழைய பெட்டிகள், ஒரு பிடி காற்று. அதையே ஃபேன் நானூறு முறை சுற்றவிட்டதில் காற்றுக்கே மூச்சு வாங்கியது.

நாலேகாலுக்குத் தாரணியின் மூச்சு விசிலடித்தது. அனுப்ரியா கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மாப்பிள்ளை வீட்டாரின் கேசரிக் கரண்டிகள் பாதி வழியில் நின்றன.

"பக்கத்து வீட்டுப் புள்ள," என்றார் துரைசாமி. பக்கத்து வீட்டுப் பிள்ளை இந்த வீட்டு பாம் ஷெல்டருக்குள் எப்படி முளைத்தது என்று அவர் விளக்கவில்லை.

"என் புள்ள. பால் நேரம்."

ஜன்னலோரம் உட்கார்ந்து, குழந்தையை நிமிர்த்தி, மூச்சு அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு டியூபைச் சோதித்து, சிரிஞ்சை மாட்டி, பாலை ஊற்றித் தூக்கிப் பிடித்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா தட்டை வைத்துவிட்டு எழுந்தார். ரத்தினம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"சிரிஞ்சக் கொஞ்சம் எறக்கும்மா. இவ்ளோ ஒசரத்துல புடிச்சா பால் வேகமா போயி கக்கிடும்."

அனுப்ரியா இறக்கினாள். பால் நிதானமாக இறங்கியது.

"உங்களுக்கு எப்படி ஆன்ட்டி தெரியும்?"

"என் மூத்த மருமக இப்படித்தான் குடுப்பா. பேரனுக்குப் பத்து மாசம்."

"அவங்க வரலையா?"

அந்த அம்மாள் திறந்து கிடந்த இரும்புக் கதவைப் பார்த்தார். "புள்ளையோட கீழ கார்ல உக்காந்திருக்கா. தனியா வீட்டுல விட்டுட்டு வரப் பயம். மேல கூட்டிட்டு வர வெக்கம்."

அனுப்ரியா ஜன்னலோரம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"வரச் சொல்லுங்க ஆன்ட்டி. இங்க காத்து வருது."