முன்பலகைக்கு ஒரு பந்தயம்

ஹாய்ட் டிட்வெல் தூண்டில் கம்பு வாங்கும்போது காட்டும் நிதானத்தைப் பெண் பார்க்கும்போதும் காட்டியிருந்தால், ஆர்லீனுக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. இன்றைக்கும் அவள் அப்பா வீட்டு வாசலில் நின்று அவளை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான்.

தேவாலயச் சபையின் தம்பதிகள் மீன்பிடிப் போட்டி சனிக்கிழமை. அந்த வாரம் முழுவதும் சாப்பாட்டு மேஜை கம்புகளுக்குத்தான். ஆர்லீன் சோள ரொட்டியைப் பாத்திரம் கழுவும் தொட்டியோரம் நின்றபடியே தின்றாள். அவள் தின்னத் தின்ன ஹாய்ட் பாடம் நடத்தினான். தூரமாய் வீசுவதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு. பெரிய பாஸ் மீன் படகின் மூக்குக்கு முன்னாலேயே, ஏரியை மூடிக் கிடக்கும் பாசிக்கு அடியில் படுத்திருக்கும். பாசியில் ஓட்டை பார்த்து, குடத்துக்குள் காசு போடுகிற மாதிரி இரையை இறக்க வேண்டும். கவ்வியதும் கொஞ்சிக்கொண்டிருக்க நேரமில்லை. அது பாசித் தண்டைச் சுற்றி ஒரு வளைவு போவதற்குள் பிடுங்கி வெளியே போட்டுவிட வேண்டும். அதனால் கம்பு நீளமாக, விறைப்பாக இருக்க வேண்டும். நூல், இழுத்தால் நீளாத பின்னல் நூலாக இருக்க வேண்டும். இதையெல்லாம் நேற்றுத்தான் கண்டுபிடித்தவன் மாதிரி வருஷா வருஷம் சொல்வான். கேட்பவள், அவன் இத்தனையும் செய்வதைப் பின்னால் நின்று பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவள்.

பின்னால் என்பதுதான் விஷயம். படகின் மூக்கில் நின்று மீன் பிடிக்கிற முன்பலகை ஹாய்டுக்கு. படகைத் திருப்பும் மோட்டார் மிதியும் அவன் காலடியில். ஒவ்வொரு ஓட்டையிலும் முதலில் இரை போடுபவனும் அவன். ஆர்லீனுக்குக் கிடைப்பது அவன் போட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்று கைகழுவிய தண்ணீர். கூடவே அவன் முதுகு. அந்த முதுகில் எத்தனை மச்சம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். இந்த வருஷம் எப்படியாவது முன்பலகையில் ஏறிவிட வேண்டும் என்று அவள் முடிவே கட்டியிருந்தாள்.

அதை அவள் சொன்னபோது ஹாய்ட் சிரித்தான். பெருந்தன்மையாக ஒரு பந்தயமும் வைத்தான்.

"மாட்டின மீனைக் கம்பாலயோ நூலாலயோ யாரு தவற விடறாங்களோ, அவங்க கிறிஸ்துமஸ் வரைக்கும் பின்னாடி. பின்னாடி நிக்கறவங்க வாயத் திறக்கக் கூடாது."

கடைசி வரியை அவளை மனதில் வைத்துத்தான் சேர்த்தான்.

இருவரும் தூண்டில் சாமான் விற்கும் லமார் கடைக்குப் போனார்கள். கல்யாண மண்டபம் பார்ப்பது மாதிரி ஹாய்ட் ஒவ்வொரு கம்பாக எடுத்து ஆட்டி, காதருகே வைத்துக் கேட்டு, கடைசியில் தன்னைவிட உயரமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். ஆர்லீன் குட்டையாக ஒன்றை எடுத்தாள். நீளக் கம்பின் அடி அவள் விலாவில் இடிக்கும். இது என்ன, ஒட்டடை அடிக்கவா என்று கேட்டான் ஹாய்ட். ஒட்டடை அடிப்பதும் நான்தானே என்றாள் அவள்.

பின்னல் நூலைக் கொடுக்கும்போது, ரீலில் முதலில் கொஞ்சம் தங்கூசி நரம்பு சுற்றிவிட்டு அதன்மேல் இதைச் சுற்றச் சொன்னான் லமார். நைலான் தங்கூசியெல்லாம் நூலை மிச்சம் பிடிக்கிற கஞ்சன்கள் வேலை என்று ஹாய்ட் சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்து தன் ரீலில் அடி முதல் நுனி வரை புது நூலாகவே சுற்றினான். ஆர்லீன் ரீலுக்கு வரும்போது நூல் தீர்ந்துபோகிற நிலை. அவளுடைய பழைய தங்கூசியை அவிழ்க்காமல் அதன் தலையிலேயே மிச்சத்தைச் சுற்றி நீட்டினான்.

"உனக்கு இது போதும்."

சனிக்கிழமை காலை படகில் ஏறும்போது ஆர்லீன் ஐஸ் பெட்டியில் ஒரு மூடிபோட்ட கிண்ணத்தையும் வைத்தாள். சாயங்காலம் சபை விருந்துக்கு வாழைப்பழப் புட்டிங். படகில் வாழைப்பழம் ஏறினால் மீன் வராது என்பது அந்த ஏரிக்கரையில் போதகர் முதற்கொண்டு எல்லோரும் நம்புகிற விஷயம். வாழைப்பழப் படம் போட்ட சட்டையைக்கூட ஹாய்ட் படகில் ஏற்றமாட்டான். ஆனால் பாலில் வெந்து பிஸ்கட்டோடு குழைந்துபோன பிறகு பழம் எப்படிப் பழமாகும்? ஆர்லீன் அப்படித்தான் நினைத்தாள்.

வெயில் ஏறும் நேரத்தில், முன்பலகையிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் ஹாய்டின் இரையைப் பாசிக்கடியில் ஏதோ கவ்வியது. பின்னாலிருந்தவளுக்கே தெரிந்தது, அது சாதாரண மீன் இல்லை. ஹாய்ட் உடம்பையே பின்னுக்கு எறிந்து சுண்டினான். கம்பு வளைந்தது. ரீலைச் சுற்றினான், சுற்றினான், மாவாட்டுகிற மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தான். நூல் ஒரு சாண்கூட வரவில்லை. பாசி ஒருமுறை குலுங்கியது. அப்புறம் குலுங்கவில்லை.

ஹாய்ட் ரீலைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். பிறகு ஐஸ் பெட்டியைப் பார்த்தான்.

"அதுல என்ன வெச்சிருக்க?"

"புட்டிங்."

"என்ன புட்டிங்?"

"எல்லாரும் ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிடற புட்டிங்."

அவன் வந்து மூடியைத் திறந்தான். பாம்பைப் பார்த்தவன் மாதிரி மூடினான்.

"ஆர்லீன். படகுல வாழைப்பழம்."

"அது பழமில்ல ஹாய்ட். பலகாரம்."

கிண்ணத்தை ஏரியில் கொட்டச் சொன்னான். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள். மீன் போனது கம்பால் இல்லை, நூலால் இல்லை, பழத்தால். ஆகவே பந்தயம் இதற்குச் செல்லாது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டு அவன் முன்பலகைக்குத் திரும்பினான். முன்பலகை கைநழுவுவது ஆர்லீனுக்குத் தெரிந்தது. இப்போது விட்டால் கிறிஸ்துமஸ் என்ன, சாகிறவரைக்கும் அந்த மச்சங்கள்தான்.

"ஹாய்ட், படகு ஒண்ணுதானே?"

"ஆமா."

"அப்ப அந்தப் பழம் எனக்கும் சேத்துத்தானே? எனக்கும் மீன் வரக் கூடாது."

"வராது."

"வந்துட்டா?"

"வந்துட்டா நீயே முன்னாடி நில்லு. வராது."

ஆர்லீன் கிண்ணத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள். அவன் கைவிட்ட ஓட்டைகளிலெல்லாம் இரையை இறக்கினாள். ஒன்றுமில்லை. அடுத்ததிலும் ஒன்றுமில்லை. முன்னாலிருந்து பழத்தைப் பற்றி அவ்வப்போது நினைவூட்டல் வந்தது. கை ஓய்ந்துபோன நேரத்தில் நூல் பக்கவாட்டில் நகர்ந்தது. ஒட்டடைக் குச்சியை வயிற்றில் ஊன்றி இழுத்தாள். ரீல் சுற்றியது, நூலும் கூடவே வந்தது. ஒரு மூட்டைப் பாசியும் அதற்குள் ஒரு பாஸும் படகுக்குள் வந்து விழுந்தன. ஹாய்ட் தவறவிட்ட அளவு பெரியதில்லை. ஆனால் அது ஏரியில் இருந்தது, இது படகில் கிடந்தது.

"இதுக்கு வாழைப்பழம் பிடிக்கும் போல," என்றாள் ஆர்லீன்.

கரையேறும்போது ஹாய்டுக்குப் புதுக் காரணம் கிடைத்தது: ரீல் பழுது. ரீல் கம்புமில்லை நூலுமில்லை. மீனை எடை போடும் தராசுப் பக்கம் நின்றிருந்த லமாரிடம் அதை நீட்டினான். லமார் கைப்பிடியை அசையாமல் பிடித்துக்கொண்டு நூலை இழுத்தான். ஒல்லிக் கையில் பெரிய வளையல் சுற்றுவது மாதிரி, சுற்றிய நூல் மொத்தமும் ரீலின்மேல் வழுக்கிச் சுற்றியது.

"ரீல் நல்லாத்தான் இருக்கு, மிஸ்டர் ஹாய்ட். பின்னல் நூலுக்குப் பிடிமானம் கிடையாது. அடியில கொஞ்சம் தங்கூசி இருந்தா கவ்விப் பிடிச்சிருக்கும். நூலாலதான் போயிருக்கு."

"நீ சொல்லவே இல்லையே."

"சொன்னேன். கஞ்சன் வேலைன்னீங்க." லமார் ஆர்லீனின் ரீலையும் வாங்கி இழுத்துப் பார்த்தான். "மிஸஸ் ஆர்லீனோடது கல்லு மாதிரி நிக்குதே. யாரு சுத்தினது?"

"நான்தான்," என்றான் ஹாய்ட், நெஞ்சை நிமிர்த்தி.

ஆர்லீன் மறுக்கவில்லை. அவனுக்கு அது போதும்.

அடுத்த சனிக்கிழமை அவள் முன்பலகையில் நின்றாள். மோட்டார் மிதி அவள் சொன்னதைக் கேட்கவில்லை. படகு ஒருமுறை தன்னைத்தானே சுற்றிப் பார்த்துக்கொண்டது, பிறகு நேராக ஒரு மரக்கட்டையை நோக்கிப் போனது. பின்னால் ஹாய்ட் மூச்சை இழுப்பது கேட்டது. ஆர்லீன் திரும்பிப் பார்த்தாள். அவன் திறந்த வாயை மூடிக்கொண்டான்.

படகு கட்டையில் இடித்தது. ஆர்லீன் பாசியில் ஓட்டை பார்த்து, அவசரமில்லாமல், முதல் இரையை இறக்கினாள்.