கோப்பம்மாள் இயந்திரத்தின் மூன்றாம் பாகம்

கோப்பம்மாளின் பருத்தி அரவை இயந்திரத்தில் அவள் கணவர் ராமானுஜலு மூன்றாம் பாகம். முதல் பாகம் தோல் சுற்றிய உருளை. இரண்டாம் பாகம் அதையொட்டி நிற்கும் இரும்புத் தகடு.

காப்புரிமை கேட்பவர்கள் சென்னப்பட்டணத்து அலுவலகத்துக்கு மாதிரி கொண்டுவர வேண்டும். மாதிரி ஓரடிக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்காகவே அந்த அலுவலகத்தின் நடைவழி போகப்போகக் குறுகியது. அதில் நுழைந்த இயந்திரம் மேசையில் வைக்கும் அளவில் போய்ச் சேர்ந்தது. ராமானுஜலுவும் அப்படியே சுருங்கி உள்ளே வந்தார். கோப்பம்மாள் பாகம் அல்ல. அவள் சுருங்கவில்லை.

“தலைப்பாகையோட ஓரடியைத் தாண்டறதே,” என்றார் அலுவலர் வரதாச்சாரி, அடிக்கோலை எடுக்காமல்.

“கழத்திருங்க,” என்றாள் கோப்பம்மாள்.

“ஒம் பேரு பித்தளையில வருதுன்னா தலையையே கழத்துவேன்,” என்றார் ராமானுஜலு.

பதினோரு உருளைகளை வீணாக்கி அந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்தவள் அவள். ஊரார் அதை ராமானுஜலு மெஷின் என்றார்கள். பித்தளைத் தகட்டில் தன் பெயரைப் பொறித்து வாங்கவே அவள் வந்திருந்தாள்.

“எப்படி ஓடறது?”

கோப்பம்மாளுக்கு முகம் மலர்ந்தது. “பல்லுச் சக்கர மெஷின் பஞ்சைக் கடிச்சுத் துண்டாக்கும். இது கடிக்காது. தோலு பஞ்சைப் பிடிச்சு இழுக்கும். தகடு கொட்டையை மறிச்சு நிக்கும். பஞ்சு அந்தப் பக்கம், கொட்டை இந்தப் பக்கம்.”

“கொட்டை சிக்கிண்டா?”

“கைப்பிடி கனக்கும். கனத்ததும் கால்வாசிச் சுத்து பின்னால விடணும். ஒரு நொடி பிந்துனா கொட்டை நொறுங்கிப் பஞ்சு கறுத்துப்போகும். அந்தக் கனம் இவரு கைக்குத்தான் தெரியும். அதான் இவரு பாகம்.”

ராமானுஜலு சுற்றினார். நின்றார். கால் சுற்றுப் பின்னால் விட்டார். ஒரு கொட்டை முழுசாக மேசையில் விழுந்தது. அது அவர் தலையளவு இருந்தது.

வரதாச்சாரி படிவத்தை எடுத்தார். “புருஷன் பேரைச் சொல்லும்மா. பொம்மனாட்டி பேருக்கு இதுல எடமில்லை.”

“அவரு பேரு மேலயே பாகப் பட்டியல்ல இருக்கே, சாமி. மூணாம் பாகம்.”

அவர் விதிப்புத்தகத்தைப் பார்த்தார். பாகம் எதுவும் விண்ணப்பதாரர் ஆகாது என்றது பதினேழாம் விதி.

“அவர் தம்பி?”

“உதிரி பாகம்.”

“தோப்பனார்?”

“பழைய மாதிரி.”

வரதாச்சாரி அறையைச் சுற்றிப் பார்த்தார். இயந்திரத்தைச் சேராத ஒரே ஆள் அவள்தான். அவர் எழுதினார்.

அவள் பெயர் பொறித்த பித்தளைத் தகடு வந்தது. எங்கே அடிப்பது என்பது அடுத்த கேள்வி.

“உருளை சுத்தும், பேரு தெரியாது. இரும்புல ஆணி எறங்காது,” என்றாள் கோப்பம்மாள்.

ராமானுஜலு நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார். நான்கு ஆணிகள் அடித்தார்கள். ஆணிகள் நன்றாக இறங்கின.

திரும்பும்போது நடைவழி அகன்றது. அவர் வளர்ந்தார். தகடும் வளர்ந்தது. தெருவுக்கு வந்தபோது ஒவ்வோர் எழுத்தும் ஒரு சாண் இருந்தது.

ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் குதிரையை நிறுத்தி எழுத்துக்கூட்டி வாசித்தார். “கோ... ப்... பம்... மாள்.”

“இன்னும் கொஞ்சம் சத்தமா வாசியும்வே,” என்றார் ராமானுஜலு.