நாச்சிமுத்து வீட்டில் யாருக்கும் தலை சுற்றாது

முதுமையைத் தள்ளிப்போட ஒரு மாத்திரையால் முடியுமா என்று சோதித்துப் பார்க்க, எழுபத்தெட்டாம் வருஷம் சேலத்திலிருந்து ஒரு டாக்டர் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு வந்தார். ஐம்பது தாண்டியவர்கள் தினம் ஒன்று விழுங்க வேண்டும். ஊர் தயங்கியது. பெரிய வீட்டு நாச்சிமுத்துவும் மனைவி வள்ளியாத்தாளும் முதலில் வாங்கிக்கொண்ட பிறகுதான் மற்றவர்கள் கை நீட்டினார்கள்.

மாதம் ஒருமுறை டாக்டர் நாச்சிமுத்துவின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் கைப்பிடியின் பலம் பார்ப்பார். மூச்சை அடக்கச் சொல்வார். கடைசியில், "உடம்புக்கு ஏதாவது சிரமம் உண்டா?" என்பார்.

நாச்சிமுத்துவை மாத்திரை ஒன்றும் செய்யவில்லை. வள்ளியாத்தாளுக்குத்தான் தலை சுற்றியது.

"நெலம் ஆடுதுங்க. டாக்டர்கிட்டச் சொல்லட்டுங்களா?"

"கடைக்குட்டி வசந்தாமணிக்கு இப்பத்தான் நிச்சயம் பண்ணியிருக்குது. தாய்க்கு மயக்கம்னு காதுல உழுந்தா, மகளுக்கும் அந்தக் கோளாறு இருக்கும்பாங்க. தாலி ஏறட்டும்."

"அதுக்குள்ள நான் எங்காச்சும் உழுந்து வெச்சா?"

"நீயா உழுகற ஆளு? என்னையே நிக்க வெச்சவ."

அவள் சிரித்தாள். அப்புறம் கேட்கவில்லை. டாக்டருக்கு நாச்சிமுத்துவே பதில் சொன்னார்: "எங்க ஊட்டுல யாருக்கும் தலை சுத்தாதுங்க." பின்னால் நின்றவர்களும் தங்களுக்கு ஒன்றுமில்லை என்றே சொல்லிப் போனார்கள்.

சித்திரையில் அவள் கிணற்றுப் படியில் விழுந்து செத்தாள். பாசி வழுக்கிவிட்டது என்று நாச்சிமுத்து ஊருக்குச் சொன்னார்.

காரியம் முடிந்த வாரம் டாக்டர் வந்தார். துக்கம் கேட்க வந்திருந்த, வசந்தாமணிக்கு மாமனாராகப் போகிற சின்னுசாமியும் பக்கத்தில் இருந்தார். காட்டு வேலைக்கு வரும் பாப்பாயி எழுந்தவள் ஒருபுறமாகச் சாய்ந்து நாற்காலியைப் பற்றிக்கொண்டாள்.

"தலை சுத்துதாம்மா?" என்றார் டாக்டர்.

பாப்பாயி நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தாள். "இல்லீங்க சாமி."

"அவ எனக்காகப் பொய் சொல்றா" என்றார் நாச்சிமுத்து. நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். "மாத்திரையை நிறுத்திப் போடுங்க. என்ற ஊட்டுக்காரிக்கும் இப்படித்தான் சுத்துச்சு. நாந்தான் வாயைக் கட்டி வெச்சேன். அந்தப் படியில பாசியே இல்லீங்க."

டாக்டர் பேனாவை மூடினார். சின்னுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வாசலிறங்கிப் போனார்.

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகும் வழக்கமில்லை. உள்ளேயிருந்து பார்த்த வசந்தாமணி அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். நாச்சிமுத்துவுக்குத் தெரியும், சின்னுசாமி இனி இந்த வாசற்படி ஏறமாட்டார்.