நம்பிராஜனின் கைகள்

மாரிசெல்வி எங்கே நன்றாக நடித்தாலும் நம்பிராஜனின் கைகள் தட்டின. நடுவில் பத்து கிலோமீட்டர் இருந்தாலும் இருபது இருந்தாலும், அவன் சோற்றில் கை வைத்திருந்தாலும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கினாலும், கைகள் அவனைக் கேட்டுக்கொண்டு தட்டவில்லை. முதல் தடவை நடந்தது சேரப்பணஞ்சேரியில், அவன் வாடகைக்கு இருந்த கன்னியப்பன் வீட்டு மாடி அறையில், அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது. ஊசி உள்ளங்கையில் ஏறியும் கைகள் ஒரு நிமிஷம் தட்டித்தான் ஓய்ந்தன. சத்தம் கேட்டு மேலே வந்த கன்னியப்பன் வாசலிலேயே நின்று, "இன்னாப்பா, தனியா குந்திகினு கைதட்டிகினு கீறே? யாருக்கு?" என்றார். யாருக்கு என்று நம்பிராஜனுக்குத் தெரியும். அன்று பதினோரு மணிக்குத் தன் முதல் நாடகம் என்று மாரிசெல்வி போனில் செய்தி அனுப்பியிருந்தாள். அவன் அதைப் படித்துவிட்டுப் பதில் போடாமல் வைத்திருந்தான்.

இரண்டு பேரும் தெற்கே ஒரே கல்லூரியில் நாடகம் படித்தவர்கள். நாடகத்துக்கு எம்.ஏ. உண்டு என்பது அந்த ஊருக்கு அப்போதுதான் தெரிந்தது. நடிக்கத் தெரியாதவன் பாஸானது மாதிரி நடித்துவிட்டால் என்ன செய்வார்கள் என்று கன்னியப்பன் கேட்டதற்கு இன்றுவரை சரியான பதில் இல்லை. கடைசி வருஷ நாடகத்தில் நம்பிராஜன் ராஜா. மாரிசெல்வி அந்த ராஜாவின் தோட்டத்தில் இரண்டு மணி நேரம் மரமாக நின்றாள். அவனுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது, அவளுக்குக் கால் வீங்கியது. படிப்பு முடிந்து ராஜாவை யாரும் கூப்பிடவில்லை. ஆறு மாதம் மட்டும் என்று சொல்லிக்கொண்டு ஒரகடத்தில் கார் கதவுக்குக் கீல் அடிக்கும் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தான், அது இரண்டு வருஷமானது. மரமாக நின்றவளோ படப்பையில் அருள்பாண்டி நடத்திய நாடகக் குழுவில் சேர்ந்து சம்பளம் வாங்கி நடிக்க ஆரம்பித்தாள்.

அருள்பாண்டியின் குழு கம்பெனிகளில் பாதுகாப்பு நாடகம் போடும். மார்ச் மாதம் பாதுகாப்பு வாரம் வந்தால் ஒரு நாளைக்கு மூன்று கேன்டீன், மற்ற மாதங்களில் வாரத்துக்கு இரண்டு. ஹெல்மெட் போடாதவன் தலை, கையுறை போடாதவன் விரல், இவைதான் கதை. இதெல்லாம் நாடகமே இல்லை என்று நம்பிராஜன் தன் அறையில் தங்கியிருந்தவர்களிடம் தினமும் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் சில நாள் கை தட்டிவிடும். கூடப் படித்த இன்னொருத்தி டிவி தொடரில் வந்தாள், அவளுக்காக அவன் விரல் ஒன்றுகூட அசையவில்லை. தாம்பரத்து நரம்பு டாக்டர் சத்து மாத்திரை எழுதினார். ஊரிலிருந்து அவன் அம்மா சொர்ணம்மாள் கோயில் கயிறு அனுப்பினாள், இரண்டு மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டான். கயிறோடு சேர்த்துத் தட்டின. இதில் அவனை அரித்தது வலியோ கேலியோ இல்லை. கைகள் சும்மா இருந்த நாட்களும் இருந்தன. அந்த நாட்களில் அவள் நாடகத்தைப் பார்த்தவர்களை விசாரித்தால், இன்றைக்கு அவ்வளவு சரியில்லை என்றார்கள். கைகள் பொய் சொல்லவில்லை என்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

கம்பெனியில் அவன் நின்றது பிரஸ் மெஷினில். தகட்டை வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் இருக்கும் இரண்டு பொத்தான்களை இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே இருக்கும் இரும்பு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். கை தட்டினால் பொத்தான் விட்டுப்போகும், இரும்பு பாதியில் நிற்கும், சிவப்பு விளக்கு எரியும், லைனே நின்றுவிடும். சூப்பர்வைசர் அந்தோணிராஜ் முதல் தடவை வந்து, "என்னடே, மெஷினு நல்லா நடிக்கோ?" என்று கேட்டுச் சிரித்தார். இரண்டாம் தடவை மெமோ கொடுத்தார். இன்னொரு தடவை என்றால் கம்பெனி கேட்டுக்கு வெளியே என்றார். வேலை போனால் ஊருக்குப் போக வேண்டும். ஊருக்குப் போனால் மாரிசெல்வி இங்கே நடித்துக்கொண்டிருப்பாள்.

அதனால் அவன் அந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் பலர் செய்வதும் ஒருவரும் ஒப்புக்கொள்ளாததுமான காரியத்தைச் செய்தான். தீப்பெட்டி அட்டையை மடித்து இடது பொத்தானின் இடுக்கில் செருகினான். பொத்தான் அமுங்கியே நின்றது. இனி வலது கை ஒரு தடவை அழுத்தினால் போதும், நடுவில் கை தட்டப் போனாலும் இரும்பு முழுசாக இறங்கிவிடும், விளக்கு எரியாது. நான்கு நாள் நிம்மதியாகப் போனது. ஐந்தாம் நாள் பதினொன்றரைக்கு, கோணலாக உட்கார்ந்த தகட்டை நேராக்க இடது கையை உள்ளே விட்டான். அந்த நேரத்துக்கு மாரிசெல்வி வல்லம் வடகாலில் ஆடிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு வந்தது. நினைப்பு வந்த வேகத்தில் வலது கை பொத்தானை அழுத்திவிட்டது. இரும்பு இறங்கியது. இறங்குவதற்கு ஒரு கண்சிமிட்டும் நேரம் முன்னால் இரண்டு கைகளும் வெளியே பறந்து அவன் நெஞ்சுக்கு நேரே தட்ட ஆரம்பித்தன. தகடு மட்டும் நசுங்கியது. அதே நேரம் வல்லம் வடகால் கேன்டீனில், பொத்தானில் அட்டை செருகிக் கையை இழந்தவனாக மாரிசெல்வி நடித்திருந்தாள் என்றும், முந்நூறு பேர் தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள் என்றும் பிறகு தெரிந்தது.

கை பிழைத்த சந்தோஷம் அவனுக்கு அரை நாள்கூட இல்லை. பிழைத்ததும் அவளால்தானா என்பதுதான் குடைந்தது. ஷிப்ட் முடிந்த கையோடு படப்பைக்குப் பஸ் ஏறி, நாடகச் சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்த மாரிசெல்வியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். நன்றி என்ற வார்த்தை மட்டும் அதில் இல்லை. அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. நீ பதில் போடாட்டியும் நீ தட்டுறது எனக்குக் கேக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு, குழுவில் ஓர் ஆள் குறைவதையும் சொன்னாள்.

"வாரியா?"

"என்ன வேஷம்?"

"மெஷின்."

அவன் முகம் போன போக்கைப் பார்த்து, "நான் மரமா நின்னேன்லா?" என்றாள். துணியை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

பழைய சம்பளத்தில் பாதிக்கு நம்பிராஜன் நாடகத்தில் சேர்ந்தான். சாம்பல் நிறச் சட்டை போட்டு, இரண்டு கைகளையும் மேலும் கீழுமாக விரித்துப் பிரஸ் மெஷினாக நிற்க வேண்டும். மாரிசெல்வி நடுவில் கை விடுவாள், அவன் உள்ளங்கைகள் சேர வேண்டும். எப்போது சேரும் என்று அவனுக்கே தெரியாது. அவள் நன்றாக நடித்த கணத்தில் அவை தாமாக அறைந்துகொள்ளும். அந்தச் சத்தத்துக்கு முன்வரிசையில் இருப்பவர்கள் தங்கள் கைகளை அக்குளில் ஒளித்துக்கொள்வார்கள். அவளுக்கு மூன்று தடவை விரல் வீங்கியது. அருள்பாண்டி இதைவிடத் தத்ரூபமான மெஷினைப் பார்த்ததில்லை என்று போகிற கம்பெனிகளிலெல்லாம் சொன்னார். பாராட்டு மெஷினுக்கா, மெஷினை ஓட்டியவளுக்கா என்று நம்பிராஜன் யோசித்து யோசித்து இளைத்தான். ஒவ்வொரு நாடகத்திலும், அவள் ஓரமாக உட்கார்ந்திருக்கும் நேரத்தில், அவன் கண் அவள் மடியில் கிடக்கும் கைகள் மேலேயே இருந்தது. ஒன்றரை வருஷம் அவை அசையவில்லை.

போன பிப்ரவரியில் மறைமலை நகரில் ஒரு கேன்டீன். நாடகத் தொடக்கத்தில் மெஷின் தனியாக நிற்கும் இரண்டு நிமிஷம் உண்டு, யாரும் அதைக் கவனிப்பதில்லை. அன்று சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு நின்றுவிட்டார். தட்டுச் சத்தம் அடங்கியது. நம்பிராஜன் விரலைக்கூட அசைக்கவில்லை, ஆனால் அவனிடமிருந்து சூடான எண்ணெய் வாடை வந்தது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த மாரிசெல்வியின் கையிலிருந்த கண்ணாடி டம்ளர் தரையில் விழுந்து உடைந்தது. அவள் இரண்டு கைகளும் தட்டிக்கொண்டிருந்தன. முகம் கல்லாக இருந்தது. கைகளை அவள் தொடைக்கு அடியில் திணிக்கப் பார்த்தாள், அவை கேட்கவில்லை. நம்பிராஜன் மெஷின் என்பதால் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அந்தக் குழுவில் எல்லோருக்கும் பேப்பர் கப்பில்தான் டீ.